எட்டு டம்ளர் ஒரு டம்ளர் ஆகும்வரை

“உன் வாய் சும்மா கெடந்திருந்தா என் தம்பிக்கு இந்நேரம் பேச்சு வந்திருக்கும்.” இதைச் சொல்லிவிட்டு மதினி கூடத்தில் போய் உட்கார்ந்து சீனியவரைக்காய்க்கு நார் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். காலையிலிருந்து நடக்கிற சண்டை, நான் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் லைட்டரை அமுக்கி அடுப்பு நீலமாகப் பற்றிக்கொள்கிற நொடிவரைக்கும் பொறுத்திருந்து இதை எடுத்துப் போட்டாள். இனி எனக்கு வாய் கிடையாது. இந்தக் கஷாயத்தின் விதி அது. அடுப்பு பற்றவைத்ததிலிருந்து வடிகட்டி முடிக்கிறவரை காய்ச்சுகிறவள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் மருந்தின் சக்தி இறங்கிப்போகும், அவ்வளவையும் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகப் பறித்துப் புதிதாகக் காய்ச்ச வேண்டும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் யாரோ ஒரு வைத்தியர் சொன்னாராம், மதினி பஸ் ஏறிப் போய்க் கேட்டு வந்தாள். அந்த வைத்தியருக்குப் பெண்டாட்டி உண்டா என்று கேட்டேன். அதற்கு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மனசுக்குள்ளயாவது பேசலாமா மதினி என்றேன். “அதை யாரால ஏளா அடக்க முடியும், நீயே நெனச்சாலும் முடியாது” என்றாள். ஆகவே மனசுக்குள் பேசுகிறேன். முந்தாநாள் ஒரு சட்டி, நேற்று ஒரு சட்டி சாக்கடைக்குப் போயிருக்கிறது, வல்லாரை குடித்த இந்தத் தெருச் சாக்கடைக்கு இனிமேல் ஞாபகசக்திக்குக் குறைவே வராது, சரிதான் மதினி, என் வாய்தான் காரணம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பதில் சொல்ல முடியாதவளைப் பார்த்துக் கேள்வி கேட்பது எந்த ஊர் நியாயம்.

எட்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்ற வேண்டும். சிறு தீ, புது மண்சட்டி, மூடி கூடாது. அளவு தெரிய முதலில் ஒரே ஒரு டம்ளர் ஊற்றி, ஈர்க்குச்சியை உள்ளே விட்டு, நனைந்த இடத்தில் நகத்தால் கீறி வைத்திருக்கிறேன், மற்ற ஏழையும் அப்புறம்தான் ஊற்றினேன். தண்ணீர் அந்தக் கீறலுக்கு இறங்கி வரும்வரை இங்கேதான் நிற்க வேண்டும். வல்லாரை இரண்டு கைப்பிடி, நீர்ப்பிரமி ஒரு கைப்பிடி, தட்டிய சுக்கு, நாக்கைச் சுரீரென்று மரக்கவைக்கிற அக்கரகாரம் ஒரு விரல் நீளம். வடிகட்டிக் குடிக்கக் கொடுத்த பிறகு, சுட்டுக் கரியாக்கிய வசம்பைத் தேனில் உரைத்து நாக்கில் தடவ வேண்டும். மதினி வசம்பு என்று சொல்லவே மாட்டாள், ‘பேர் சொல்லா மருந்து’ என்பாள், பேரைச் சொன்னால் வீரியம் போய்விடுமாம். நான் நாட்டு மருந்துக் கடையில் நாலு பேர் நிற்கும்போது வசம்பு கொடுங்க என்று நல்ல சத்தமாகக் கேட்டு வாங்கி வந்தவள். பறிக்கிறதுக்கும் முறை. விடிகிற நேரத்தில் குளித்துவிட்டு, செடியைச் சுற்றி மஞ்சள் நூல் கட்டி, உன்னை நோகடிக்கிறேன், பொறுத்துக்கொள், உன் உயிர் போகாமல் உள்ளேயே நின்று வேலை செய் என்று மன்னிப்புக் கேட்டுத்தான் கிள்ள வேண்டும். சிஸ்டர் ஃபிலோமினா என்னை இன்றைக்கு மொட்டைமாடியில் பார்த்திருக்க வேண்டும். பத்து வருஷம் கான்வென்ட்டில் என் வாயிலிருந்து ஒரு ‘ஸாரி சிஸ்டர்’ பிடுங்கத் தோற்றுப்போன மனுஷி. தலையில் ஈரத் துண்டோடு, நைட்டியோடு, உடைந்த பக்கெட்டில் வளர்கிற ஒரு செடிக்கு முன்னால் குனிந்து நின்று பொறுத்துக்கொள் பொறுத்துக்கொள் என்கிறேன். மூன்று நாளாகக் கேட்கிறேன், செடி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாது. அது ஒரு சௌகரியம், செடியிடம் மன்னிப்புக் கேட்பதில்.

கொதி வந்துவிட்டது. இலைகள் மேலே வந்து சுருண்டு மறுபடி உள்ளே போகின்றன. வாசனை ஈரச் சாக்கு மாதிரி, மழை நின்ற அன்று பள்ளிக்கூட மைதானம் மாதிரி. அங்கேயும் இப்படித்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கால் மணி நேரம் ‘சைலன்ஸ்’, மணி அடித்தால் ஊசி விழக்கூடாது. கிளாஸ் லீடர் போர்டில் பேசுகிறவர்கள் பேரை எழுதுவாள். செண்பகவல்லி என்று முழுசாக எழுத நேரமில்லாமல் ‘செண்’ என்று மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவைக்கும் பக்கத்தில் ஒரு கோடு. தமிழில் பேசினதற்கு ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டுவார்கள், அடுத்து யார் பேசுகிறாளோ அவள் கழுத்துக்கு அது போகும். என் கழுத்துக்கு வந்தால் நகராது, அடுத்த ஆள் வாயைத் திறக்க நான் இடம் கொடுத்தால்தானே. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அந்தக் கட்டைக்கு ஒரு ஜோடி கிடைத்தது. இவர் பேர் கோமதிநாயகம், வேலை சர்வே ஆபீசில், தொழில் குறை சொல்வது. சொதியில் தேங்காய்ப்பால் மூன்றாம் பால்தான் இருக்கிறது, முதல் பால் எங்கே போச்சு. அப்பளம் ஒரு பக்கம் சிவந்து ஒரு பக்கம் பொம்பளை மனசு மாதிரி வெளுப்பாக இருக்கிறது. காப்பியா இது, டம்ளர் கழுவின தண்ணியா. முப்பது வருஷத்தில் ஒரு நாள் ஒரு விஷயத்துக்கு ‘சரி’ என்று சொன்னதில்லை. மின்விசிறி ஓடுகிறதே நிறுத்தவா என்றால் ஏன், ஓடினால் உனக்கென்ன. நிறுத்தாமல் விட்டால் ஏன், கரண்ட் சும்மாவா வருது. நானும் விடமாட்டேன். தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது சண்டை இல்லை, ரேடியோ மாதிரி, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நின்றுபோனால்தான் என்ன ஆச்சு என்று தோன்றும். நின்றுபோனால்தான். இதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது ஒரே ஒரு வார்த்தை மிச்சம். ‘சரி.’ மாசி மாசம் வலது பக்கம் விழுந்தது, பேச்சு விழுந்தது, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கழித்துக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முதலில் சொன்னது ‘சரி’. நான் அழுதேன், மதினி சாமி கும்பிட்டாள், பேச்சு வந்துட்டு வந்துட்டு என்றாள். அப்புறம் தெரிந்தது, வேறு எதுவும் வராது. பசிக்குதா, சரி. வலிக்குதா, சரி. என் பேர் என்ன, சரி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வருகிறாள், அட்டையில் பசுமாட்டுப் படம் காட்டி, அங்கிள் இது என்ன என்கிறாள், இவர் அந்த மாட்டை உற்றுப் பார்த்து, நெற்றியில் வேர்வை வர, கீழுதட்டைக் கடித்து, கடைசியில் ‘சரி’ என்கிறார். வர வேண்டிய வார்த்தை அது இல்லை என்று அவருக்கே தெரிகிறது. அதுதான் பார்க்க முடியவில்லை. நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், உள்ளே எல்லாம் இருக்கிறது, வெளியே வருகிற வழியில்தான் அடைப்பு. அப்படியானால் உள்ளே எவ்வளவு குறை சேர்ந்திருக்கும். மூன்று மாசச் சாப்பாடு, நான் ஊட்டின ஒவ்வொரு கவளம், உப்பு கூட, புளி கம்மி, குழைஞ்சுபோச்சு, எல்லாம் வரிசையாக நின்றுகொண்டிருக்கும், கதவு திறக்கட்டும் என்று.

ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன். பாதிக்கு வந்திருக்கிறது, நாலு டம்ளர். கடிகாரத்தில் முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்று யாராவது கேட்டால் நான் சொல்லுவேன், நாலு டம்ளர் தண்ணீர் ஆவியாகிப் போகிற அளவு. இவர் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே அளவு. இலை போட்டிருந்தேன், சொதி, உருளைக்கிழங்கு, இஞ்சிப் பச்சடி. இஞ்சிப் பச்சடியில இஞ்சி எங்க, தேடுதேன் கெடைக்க மாட்டேங்கு என்றார். நான் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தவள், முதுகு விட்டுப்போயிருந்தது. கொஞ்ச நேரம் அந்த வாயை மூடுங்க, உங்க குரலைக் கேக்காம ஒரு வேளை நிம்மதியா இருந்துக்கிடுதேன் என்றேன். மூடினார். பன்னிரண்டரை. கை இலையில் அப்படியே இருந்தது, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். கோபம் வந்தால் இவர் பேசமாட்டார், இரண்டு நாள் கூட இருப்பார், அது இந்த வீட்டில் வழக்கம்தானே, யார் முதலில் பேசுவது என்று போட்டி, நான் தோற்பதில்லை. அடுப்படிக்கு வந்து பாத்திரம் கழுவினேன். நிம்மதியாக இருந்தது. அதைத்தான் எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை, உண்மையாகவே நிம்மதியாக இருந்தது, ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தேன். ஒன்றேகாலுக்குப் போய், போதும் கோபம், எழுந்திருங்க, இலை காயுது என்று தோளைத் தொட்டபோது ஆள் அந்தப் பக்கம் சாய்ந்தார். எப்போ ஆரம்பிச்சது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நேரம் ரொம்ப முக்கியம்மா, சரியாச் சொல்லுங்க. ஒன்றேகால் என்றேன். மதினி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு இன்றுவரை ஒன்றேகால்தான். டாக்டர் ஒரு பக்கம், மதினி ஒரு பக்கம், நடுவில் என் வாயில் அந்த முக்கால் மணி நேரம் கிடக்கிறது, கூழாங்கல் மாதிரி.

நேற்று இரண்டு டம்ளர் அளவுக்கு வற்றியிருந்தது, யாரும் கூப்பிடவில்லை, கை சுடவில்லை, பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. நான் ‘போதும்’ என்றேன், சட்டியைப் பார்த்து. மதினி ஓடி வந்தாள். வாய் தவறிட்டு மதினி என்றேன். முந்தாநாள் காக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு போனதற்குச் சனியனே என்று கத்தினது நிஜமாகவே வாய் தவறினது. நேற்றையது அப்படி இல்லை. நான் மந்திரம் மாயம் நம்புகிறவள் இல்லை, சயின்ஸ் படித்தவள், மனுஷி பேசாமல் நின்றால் கஷாயத்துக்குள் என்ன கெமிக்கல் கூடும் என்று கேட்கிறவள். ஆனால் ஒருவேளை கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒருத்தி பேசாமல் நின்றதற்கு ஒரு ஆளை எழுப்புகிற சக்தி உண்டு என்றால், ஒருத்தி பேசினதற்கு ஒரு ஆளைச் சாய்க்கிற சக்தியும் உண்டு. கஷாயம் பலித்தால் அன்றைக்கு நான் சொன்னதும் பலித்தது. வாயை மூடுங்க என்றேன், மூடிப்போச்சு. இது பலிக்கக்கூடாது என்று என்னில் ஒருத்தி வேண்டிக்கொண்டிருக்கிறாள், இவருக்குப் பேச்சு வரணும் என்று இன்னொருத்தி ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு நிற்கிறாள், இரண்டு பேருக்கும் ஒரே வாய். மதினி, நீங்கள் காலையில் சொன்னது ஒரு கஷாயத்தைப் பற்றி. எனக்கு அது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்ன மாதிரியே விழுந்தது.

இரண்டு டம்ளருக்குக் கொஞ்சம் மேல். நிறம் கறுத்துவிட்டது. மதினி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு துணி காயப்போட மாடிக்குப் போகிற சத்தம். “பாத்துக்க, வாரேன், வாயத் தொறந்திராத.” போங்கள். இன்றைக்குத் திறக்கப்போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறேன், எது பலித்தாலும் பலித்துத் தொலையட்டும், நான் சாய்த்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், இவர் பேசினால் போதும். அறையிலிருந்து “சரி” என்று கேட்டது. கொஞ்சம் விட்டு, “சரி. சரி.” கூப்பிடுகிறார். வெயிலாக இருக்கும், ஒன்பது மணிக்குச் சன்னல் வழியாக நேரே மூஞ்சிக்கு வரும், நாற்காலியை அவரால் நகர்த்த முடியாது. வாரேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, உதட்டை இறுக்கிக்கொண்டு கரண்டியோடு ஓடினேன். வெயில்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன், துண்டால் முகத்தைத் துடைத்தேன். எப்போதும் துடைக்கும்போது ஏதாவது சொல்லுவேன், கூப்பிட வேண்டியதுதானே முன்னாலயே, வறுத்த கத்தரிக்காய் மாதிரி இருக்கு மூஞ்சி, இப்படி எதையாவது. இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். நான் சிரித்தேன், உதட்டை மூடிக்கொண்டே. அவர் முகம் மாறியது. நல்ல கையை, இடது கையை, மெதுவாகத் தூக்கினார். என் கன்னத்துக்குத்தான் வருகிறது என்று நினைத்தேன். அது வந்து என் உதட்டில் நின்றது. இரண்டு விரல். ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம்வரை தடவிப் பார்த்தார், ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா என்று, ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் தொட்டுப் பார்த்த அதே மாதிரி. கண்ணில் தண்ணீர். “சரி?” என்றார், கேள்வியாக.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று நாளாகக் காலையில் ஒரு மணி நேரம்போல இந்த வீட்டில் என் சத்தம் நின்றுபோகிறது. ஏன் என்று இவரிடம் யாரும் சொல்லவில்லை. மதினிக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றவில்லை, அவருக்கென்று காய்ச்சுகிற கஷாயத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல இரண்டு பொம்பளைகளுக்கும் நேரமில்லை. இவர் இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், பாத்திரச் சத்தம் வருகிறது, குழாய்ச் சத்தம் வருகிறது, இவள் குரல் மட்டும் இல்லை. இவருக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று பயந்திருக்கிறார். அன்றைக்கு நான் கோபம் என்று நினைத்தேன், இவர் அப்படி நினைக்கவில்லை. என்னை மாதிரி முக்கால் மணி நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கவில்லை, கூப்பிட்டார், இருக்கிற ஒரே வார்த்தையை வைத்துக் கூப்பிட்டார், வெயிலுக்காக இல்லை. விரல் இன்னும் என் உதட்டில் இருந்தது. அடுப்பில் ஒன்றேமுக்கால் டம்ளர் இருக்கும். இன்னும் பத்து நிமிஷம் பொறுத்தால் போதும், கையைப் பிடித்து ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். நான் வாயைத் திறந்தேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லங்க. வாய் இருக்கு, பாருங்க, அப்படியேதான் இருக்கு. உங்களுக்குத்தான் கஷாயம் வச்சிருக்கு, அது முடியுத வரைக்கும் பேசப்படாதுன்னு உங்க அக்கா உத்தரவு.” அவர் கை கீழே விழவில்லை. அதனால் நிறுத்த முடியவில்லை, கூழாங்கல் தானாக வந்தது. “அன்னைக்கு நீங்க கோவமா இருக்கீங்கன்னு நெனச்சிட்டேன். பன்னெண்டரைக்கே நீங்க பேசல. நான் ஒண்ணேகாலுக்குத்தான் வந்தேன். ஆஸ்பத்திரியிலயும் மாத்திச் சொன்னேன். உங்க குரலைக் கேக்காம இருக்கணும்னு நான்தான் சொன்னேன், நான் அதைச் சொல்லியிருக்கப்படாது.” “சரி” என்றார். எந்தச் சரி என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்தேன் என்கிற சரியா, பசுமாட்டுக்குச் சொன்ன சரியா. முகத்தைத் தேடினேன், நெற்றியில் வேர்வை இல்லை, உதட்டைக் கடிக்கவில்லை, அவ்வளவுதான் கண்டுபிடிக்க முடிந்தது. அறை வாசலில் பக்கெட் தரையைத் தொட்ட சத்தம். மதினி நின்றுகொண்டிருந்தாள், ஈரக் கை, எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவள் காதுக்குப் பன்னிரண்டரை போயிருக்கும். நான் நிமிர்ந்து நின்றேன், சொல்லட்டும், காலையில் சொன்னதையே இன்னொரு தடவை சொல்லட்டும், இந்தத் தடவை பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது, பதில்தான் இல்லை. மதினி என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “கஷாயம் சரியா வத்திருக்கும். போயி வடிகட்டு, அடி பிடிச்சிரப் போவுது.”

“மதினி, நான் பேசிட்டேன்.”

“எனக்குக் காது மந்தம் ஏளா” என்றாள், தெருக்கோடியில் பால்காரன் மணியைக் கேட்டுச் செம்பை எடுக்கிற மதினி. “போ.”

கீறலுக்குச் சரியாக நின்றிருந்தது. ஒரு டம்ளர், கூடவும் இல்லை குறையவும் இல்லை. வெள்ளைத் துணியில் வடிகட்டினேன், இலைகளைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தேன், கையெல்லாம் கறை. சக்தி இறங்கிப்போன கஷாயமாக இருக்கலாம். வெறும் இலையும் வேரும் வெந்த தண்ணீராக இருக்கலாம். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, ஆறிப்போகாமல் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் இருந்தது. மதினி அம்மியோரம் உட்கார்ந்து வசம்பை உரைத்துக்கொண்டிருந்தாள், பேர் சொல்லாமல். நான் அவர் பின்னந்தலையை ஒரு கையால் தாங்கி டம்ளரை உதட்டில் வைத்தேன். ஒரு வாய். இரண்டு வாய். இவ்வளவு கசப்பை எந்த மனுஷனும் முகம் சுளிக்காமல் குடிக்க முடியாது, நான் நக்கிப் பார்த்திருக்கிறேன். இவர் குடித்தார். அக்கரகாரம் பட்டிருக்கும், நாக்கு உள்ளுக்குள் புரள்வது கன்னத்தில் தெரிந்தது. கடைசி மடக்கு முடிந்து டம்ளரை எடுத்தபோது வழக்கமாக வருகிற ‘சரி’ வரவில்லை. உதடு கொஞ்சம் திறந்து அப்படியே நின்றது. மின்விசிறி ஓடியது. வசம்பு உரைக்கிற சத்தம் நின்றுவிட்டது, மதினியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நல்லா இருக்கா என்றேன். அவர் என்னையே பார்த்தார். தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அந்த உதட்டுக்குப் பக்கத்தில் என் காதைக் கொண்டுபோனேன்.

“சரின்னு மட்டும் சொல்லீராதீங்க. கசக்குதுன்னு சொல்லுங்க. இது கஷாயமா, கழுவின தண்ணியான்னு கேளுங்க. நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன், கேட்டுக்கிட்டே இருப்பேன், எவ்வளவு நேரம்னாலும். ஏங்க. ஒரே ஒரு குறை சொல்லுங்க.”